கண்கட்டிக் கற்ற கருணை

பார்வையற்றோரையும் கால் செயலிழந்தோரையும் பனிமலைச் சரிவுகளில் சறுக்க வைக்கும் பணிக்கு முன்வருகின்ற உதவியாளர்களின் கண்களைத் துணியால் கட்டி, சிறிது நேரம் பனியில் தடுமாறவிட்டு, 'இப்பொழுது அவர்கள் நிலை உமக்கு விளங்கியிருக்குமே' என்று சொல்லி அனுப்புகின்ற வழக்கம் மேலைநாட்டுப் பயிற்சி முகாம்கள் பலவற்றில் வேரூன்றிவிட்டது. அதனைக் குறைகூற யாரேனும் துணிந்தால், அநுபவத்தைவிடச் சிறந்த ஆசான் உண்டா என்ற கேள்வியை அதன் ஆதரவாளர்கள் வெற்றிப் புன்னகையோடு எடுத்து நீட்டுகிறார்கள். கேள்வி நியாயமானதுதான், யாருடைய அநுபவம் என்பதை மட்டும் அவர்கள் கேட்டுக்கொள்வதில்லை.

இப்பயிற்சிகளின் ஏனைய பாடங்களைக் குறித்து எனக்குப் பெரிய ஆட்சேபம் ஒன்றும் இல்லை. அமர்ந்து சறுக்குபவரின் இருக்கையோடு பிணைத்த வாரைப் பின்னாலிருந்து பிடித்து வேகத்தை மட்டுப்படுத்துவது எப்படி, நாற்காலி லிஃப்டில் அவ்விருக்கையை ஏற்றும் தறுவாயில் லிஃப்டை இயக்குபவருக்குச் சைகை காட்டுவது எப்படி, லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால் கயிற்றின் துணையால் ஆளைப் பத்திரமாகக் கீழிறக்குவது எப்படி என்பவற்றையெல்லாம் நல்ல ஸ்தாபனங்கள் சிரத்தையோடு கற்பிக்கின்றன. கண்கட்டுக்கும் ஒரு பிரயோஜனம் உண்டு: 'இடப்பக்கம் திரும்பு' என்ற குரல் ஒரு விநாடி பிந்தினால் நேர்வது என்ன என்பதை, அவ்வாறு பிந்திய குரலை நம்பி வழியோரப் பனிமேட்டில் விழுந்தெழுந்த உதவியாளர் எளிதில் மறக்கமாட்டார். இவ்வளவும் சரி.

ஆனால் இக்கலை பிறந்த விதத்தைச் சற்றே நினைத்துப் பார்க்கவேண்டும். கையெறி குண்டினால் இரு கால்களையும் இழந்து, செயற்கைக் கால்களோடு சறுக்கப் பழகிப் பிறருக்கும் வழிகாட்டிய ஆஸ்திரியர் ஸெப் ஸ்விக்னாகல். ஆஸ்பென் நகரில் சறுக்கு ஆசிரியராய் இருந்து, பார்வை போன பிறகும் மலையை விடாமல், பார்வையற்றோருக்கென ஓர் அமைப்பையே தோற்றுவித்த ஜீன் எய்மெரே. பார்வையிழந்த பாடகராய் நார்வே மக்களின் அன்பைப் பெற்று, 1964-ஆம் ஆண்டு பெய்ட்டோஸ்டோலனில் ரிட்டர்ரென் என்னும் பனிச்சறுக்கு விழாவைத் தொடங்கிவைத்த எர்லிங் ஸ்டோர்டால்: இவர்களே முன்னோடிகள். கொலராடோவின் வின்டர் பார்க்கில், டென்வர் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து வந்த, அவயவம் இழந்த சிறுவர்களுக்கு 1970-இல் கற்பிக்கத் தொடங்கிய ஹால் ஓ'லியரி உடற்குறை இல்லாதவர்தாமே என்று எதிர்வாதம் எழலாம். அவரும் பல்லாண்டுகள் மாணவர்களோடு பழகிய பிறகே கையேடு எழுதத் துணிந்தார் என்பதை நினைவூட்டினால் போதும். நார்வேயிலிருந்து குடிபெயர்ந்து பிரெக்கன்ரிட்ஜில் வாழ்ந்த ஓலாவ் பெடர்சன் 1975-இல் 'ஸ்கீ ஃபார் லைட்' என்ற பெயரில் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்ததும் ஸ்டோர்டாலின் யோசனையையே. குறையுற்றவர் தம் உடலாலே கண்டறிந்து உலகுக்கு அளித்த ஒரு வித்தை, உதவியாளரைப் பயிற்றுவிக்கும் அறைக்குள் நுழைந்தவுடன் கண்ணுள்ளவர் கண்ணுள்ளவருக்குத் துணி கட்டிச் சொல்லிக்கொடுக்கும் பாடமாக மாறிவிட்டதே, இது எப்படி நேர்ந்தது?

கண்ணைக் கட்டிக்கொண்டவர் அறிவது பார்வையின்மையின் முதல் ஒருமணி நேரத்தை மட்டுமே. ஏகாதசியன்று ஒருவேளை உபவாசம் இருந்த செல்வந்தர் பஞ்சத்தின் கொடுமையை உணர்ந்துவிட்டதாகச் சொன்னால் நாம் சிரிக்கமாட்டோமா? பழகிய பார்வையற்றவர் சரிவின் சாய்வைப் பாதத்தின் அழுத்தத்தால் அறிகிறார். பலகையின் அடியில் எழும் ஓசை மாறுவதைக் கொண்டு மென்பனி முடிந்து உறைபனி தொடங்குமிடத்தைத் தெரிந்துகொள்கிறார். கன்னத்தில் படும் வெயிலின் சூட்டைக் கொண்டு வளைவு எந்தத் திசையில் திரும்பியது என்று கணக்கிடுகிறார். நெடுந்தூரச் சறுக்கில் இயந்திரம் பதித்துச் சென்ற இணைத் தடங்கள் இரண்டிலும் பலகைகளைப் பொருத்திக்கொண்டு அவர் செல்ல, பக்கத்துத் தடத்தில் வழிகாட்டி உடன்வரும்பொழுது, தடமே அவருக்குப் பாதி வழிகாட்டியாகிவிடுகிறது. துணி கட்டியவருக்கு இவற்றுள் ஒன்றும் எட்டாது. அவருக்கு எட்டுவதெல்லாம் திகில் ஒன்றே. அன்றியும், பார்வையற்றோர் என்று நாம் பொதுப்படையாகச் சொல்லுகின்றவர்களுள் முழு இருளில் இருப்பவர் சிறுபான்மையினரே. ஒருவருக்குப் பார்வையின் நடுப்பகுதி மட்டும் மறைந்திருக்கும். ஒருவர் குழாய் வழியே நோக்குவதுபோல நேரெதிரே மட்டும் காண்பார். ஒருவர் நிழலில் நன்றாகப் பார்த்துப் பனியின் மேல் வெயில் தெறிக்கும் இடத்தில் கண்ணைத் திறக்கமுடியாமல் தவிப்பார். இவர்களுள் எவருடைய நிலையைக் கறுப்புத் துணி காட்டித்தருகிறது?

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் அன்று. கொலராடோப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த, தாமே பார்வையற்றவரான ஏரியெல் சில்வர்மன் என்னும் உளவியல் அறிஞர், தம் சகாக்கள் இருவரோடு 2015-இல் வெளியிட்ட ஆய்வில் இதனைப் பரீட்சித்துக் காட்டினார். கண்களைக் கட்டிக்கொண்டு சில காரியங்களைச் செய்து பார்த்தவர்கள், பார்வையற்றோர் வேலை செய்யவும் தனித்து வாழவும் தகுதி குறைந்தவர்கள் என்றே, அப்பயிற்சி பெறாதவர்களைவிட அதிகமாக எண்ணத் தலைப்பட்டார்கள். வேறு சிலர் 2017-இல் வெளியிட்ட ஆய்விலும், இத்தகைய பாவனைகளுக்குப் பின் அநுதாபம் பெருகியபோதிலும் ஊனமுற்றோரோடு பழகும் மனப்பான்மை மேம்படவில்லை என்றே முடிவாயிற்று. தம்முடைய தடுமாற்றத்தைப் பாவனை செய்து பார்த்தவர்கள் பிறர் மேல் ஏற்றிவிடுகிறார்கள். முப்பது வருஷம் இருளோடு பழகியவரையும் முப்பது நிமிஷம் பழகிய தம்மையும் ஒரே தராசில் நிறுத்துகிறார்கள். பனிச்சறுக்குக்கு உலகமே வந்து சேரும் கொலராடோவிலேயே இவ்வாராய்ச்சி நடந்திருக்க, அதே மலைகளிலுள்ள பயிற்சியாளர் சிலரேனும் இன்னமும் துணியைக் கையில் எடுப்பதற்கு என்ன சமாதானம் சொல்வது?

பார்வையற்றோரை விட்டு, அமர்ந்து சறுக்குவோர் பக்கம் வந்தால் விபரீதம் இன்னும் வெளிப்படை. இங்கே உதவியாளரைப் பைஸ்கி என்னும் இரட்டைப் பலகை இருக்கையில் உட்காரவைத்துக் கால்களை வாரால் கட்டி, பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள, சரிவில் ஒருமுறை இறக்கிவிடுகிறார்கள். கால் கட்டப்பட்டதே ஒழிய, இடுப்பின் தசைகளும் வயிற்றின் தசைகளும் அவருக்கு வழக்கம்போல வேலை செய்கின்றன. தண்டுவடம் மார்பு மட்டத்தில் அறுபட்டவருக்கோ அவை உதவா. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பாவனையால் ஒருகாலும் உண்டாக்கமுடியாதது உணர்வின்மை. காலுறையின் ஒரு மடிப்பு தோலை அழுத்திக்கொண்டே இருந்தால் நமக்கு வலிக்கும், சரிசெய்துகொள்வோம். உணர்வற்ற காலில் அது மாலைக்குள் புண்ணாகி, ஆறுவதற்கு மாதங்கள் எடுத்துக்கொள்ளும். விரல்கள் குளிரில் மரத்துப்போவதை அவர் அறியமாட்டார். கையுறையைக் கழற்றி, தொட்டுப் பார்த்து, நிறம் மாறியிருக்கிறதா என்று கவனிக்கவேண்டிய கண் உதவியாளருடையது. மார்புப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் காயமுற்றவர்க்கு, இறுகிய ஒரு வாரும் நிரம்பிய சிறுநீர்ப்பையும்கூட இரத்த அழுத்தத்தை உயிருக்கே ஆபத்தாக ஏற்றிவிடக்கூடும். பொறுக்கமுடியாத தலைவலியும், சிவந்து வியர்க்கும் முகமுமே அதன் அறிகுறிகள். இருக்கையில் உட்கார்ந்து இறங்கிய உதவியாளருக்கு இவற்றுள் எதுவும் நேர்வதில்லை. உல்லாசமாய் இறங்கி வந்து, 'நன்றாய்த்தான் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது' என்று சொல்லி எழுந்து நடந்துவிடுகிறார். எழுந்து நடந்த அந்த ஒரு காரியமே பாடம் முழுவதையும் பொய்யாக்கிவிடுகிறது.

இப்பயத்தின் விளைவு வாரைப் பிடிக்கும் கையில் தெரிகிறது என்பதே என் நெடுநாளைய குற்றச்சாட்டு. ஒற்றைப் பலகையாகிய மோனோஸ்கியில் அமர்ந்து, நுனியில் சிறு பலகை பொருத்திய ஊன்றுகோல்கள் இரண்டையும் கைகளில் ஏந்தித் தாமாகவே திரும்பவும் நிற்கவும் கற்றவர் லிஃப்டிலும் தாமாகவே ஏறிக்கொள்கிறார். அவருக்கு உதவியாளர் வெறும் தோழர். வாரைத் தளர்த்துவது, பிறகு கையிலிருந்து விடுவது, பிறகு கழற்றியே வைப்பது என்ற கிரமத்தில் தம்மைத் தேவையற்றவராக்கிக் கொள்வதே உதவியாளரின் சாமர்த்தியம். ஆனால் தம் திகிலையே ஞானமென்று நம்பிவந்தவர் வாரை விடுவாரா? மாணவர் விழுந்து எழுந்து கற்கவேண்டிய இடத்தில் விழாமலே காப்பாற்றி, பருவம் முழுவதும் அவரை மூட்டைபோல மலையிலிருந்து இறக்கிக் கொணர்ந்து, புகைப்படமும் எடுத்துக்கொண்டு, புண்ணியம் கட்டிக்கொண்டதாக அகமகிழ்கிறார். எல்லா உதவியாளரும் இப்படி இல்லை என்பார்கள். இல்லாமல் இருக்கலாம், இப்படி இருப்பவர்களை உருவாக்குவதற்கு இதைவிடச் சிறந்த உபாயம் எனக்குத் தோன்றவில்லை என்றுதான் சொல்கிறேன்.

பாராலிம்பிக் பந்தயங்களில் முற்றும் பார்வையற்ற வகுப்பினர் கறுப்பிட்ட கண்ணாடி அணிவது கட்டாயமாயிற்றே, அங்கே மட்டும் கண்ணை மறைப்பது எப்படிச் சரியாகும் என்று சிலர் மடக்கப் பார்க்கிறார்கள். அங்கே அது போட்டியாளர்களுக்குள் சமத்துவம் காக்கும் விதி. எவரும் அதனால் எவரையும் அறிந்துகொண்டதாகச் சொல்லிக்கொள்வதில்லை. 2014-இல் சோச்சி நகரில் சூப்பர்-ஜீ பந்தயத்தை வென்று, பிரிட்டனுக்குக் குளிர்காலப் பாராலிம்பிக்கின் முதல் தங்கத்தைப் பெற்றுத் தந்த கெல்லி காலகரும், அவருக்கு முன்னால் சறுக்கி வழிகாட்டிய சார்லட் எவன்ஸும் கண்கட்டால் ஒருவரையொருவர் புரிந்துகொண்டவர்களா? தலைக்கவசத்துக்குள் பொருத்திய ஒலிக்கருவியின் வழியே பேசியும் கேட்டும், பருவத்துக்குப் பருவம் கூடவே சறுக்கியும் அடைந்த புரிதல் அது. முன்னே செல்பவரின் தொழிலில் பாதி, பின்னே வருபவரின் பதிலைக் காதில் வாங்கிக்கொள்வது.

கடைசியாக ஆதரவாளர்கள் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு: கற்பிக்கத் தகுதிவாய்ந்த ஊனமுற்றோர் போதிய அளவில் கிடைப்பதில்லையாம். ஆனால் பல ஆண்டுகள் சறுக்கிப் பழகிய ஊனமுற்றோர், சறுக்கு விழா நடக்கும் வாரத்துக்கு, உதவியாளர் பயிற்சி நடக்கும் அதே விடுதிக்குத்தான் வந்து தங்கப்போகிறார்கள். உதவியாளர் பயிற்சி முடிந்த மறுநாள் வருமாறு அவர்களுக்கு எழுதும் நிர்வாகிகள், இருநாள் முன்னதாக வந்து பயிற்சியை நடத்தித்தருமாறு எழுதட்டும். போக்குவரத்துச் செலவையும், ஆசிரியர்க்குரிய ஊதியத்தையும் கொடுக்கட்டும். யாரை உதவியாளராய் ஏற்கலாம், யாரை இன்னும் ஒரு பருவம் காத்திருக்கச் சொல்லலாம் என்பதையும் அவ்வாறு வந்து கற்பிக்கும் ஊனமுற்றோரே தீர்மானிக்கட்டும்.