ஊசியும் இழிசொல்லும்

தாம்பரம் இரயிலடியில் இறங்குகிறோம். செருப்பின் வார் அறுந்துவிடுகிறது. நடைபாதையோரம் குடை நிழலில் ஒரு முதியவர். கையில் ஊசி, பக்கத்தில் மெழுகிட்ட நூல். இரண்டு குத்து, ஓர் இழுப்பு, ஒரு முடிச்சு, நடக்கிறோம். அவர் தைத்துத் தந்தது செருப்பை மட்டுமா? நின்றுபோன நம் பயணத்தையும் அல்லவா!

கிழிந்த துணிக்குத் தையல், உடைந்த ஏரிக்கரைக்கு மராமத்து, முறிந்த எலும்புக்குக் கட்டு, சீர்கெட்ட சமுதாயத்துக்குச் சீர்திருத்தம். பெயர் பல, பணி ஒன்று: பழுதை நீக்குவது. மதிப்பு மட்டும் ஏன் ஒன்றாக இல்லை?

அடுத்த நிலையம் தாம்பரம் சானடோரியம். 1928இல் மருத்துவர் சௌரி முத்து காசநோயாளருக்கென அமைத்த மருத்துவமனையின் பெயரை அது இன்றும் தாங்கி நிற்கிறது. நுரையீரலின் பழுதை நீக்கியவரை ஊர் போற்றுகிறது, போற்றட்டும். அறுந்த வாரைச் சேர்த்தவரை மட்டும், வயதில் மூத்தவராயினும், 'வா, போ' என்பானேன்?

இந்நோய் இன்று நேற்று வந்ததன்று. புறநானூற்றின் 82ஆம் பாடலைப் பாருங்கள். பாடியவர் சாத்தந்தையார்; பாடப்பெற்றவன் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி. ஊரில் விழா தொடங்கிவிட்டது, வீட்டில் மனைவிக்குப் பேற்றுநோவு, மழை பெய்கிறது, பொழுது சாய்கிறது. அவ்வேளையில் கட்டிலை வாரால் பிணிக்கும் தொழிலாளியின் ஊசி எத்தனை விரைவாய் ஓடும்! அதனினும் விரைந்தது மன்னன் போர் என்கிறார் புலவர்.

உழைப்பவன் நெஞ்சின் பரபரப்பை இத்தனைச் சுருக்கமாய்க் காட்டிய பாட்டு அரிது. மன்னன் போருக்கே உவமையாகி ஊசி உயர்கிறது. ஊசி பிடித்தவனுக்குக் கிடைத்த பெயரோ 'இழிசினன்'! கருவிக்கு ஏற்றம், கைக்கு இழிவு!

இப்பாடலை வகுப்பில் சொன்னபோது, அச்சொல்லருகே நம் நா தயங்கியது. கடைசி வரிசையில் ஒரு மாணவன் தலைகுனிந்தான். அவன் தந்தை தோல் தைப்பவர். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. சட்டம் ஒழித்ததை ஒரு சொல் மீண்டும் அவன்முன் நிறுத்திவிட்டது.

என்ன செய்வது? பாட்டை ஒதுக்குவதா? அழகை இழப்போம். சொல்லை மாற்றுவதா? அது ஒட்டுப்போடும் வேலை; அடியில் கிழிசல் அப்படியே இருக்கும். உள்ளபடி படித்தோம். "இச்சொல் காட்டுவது தொழிலாளியின் இழிவையன்று, அவனை இவ்வாறு அழைத்த சமுதாயத்தின் இழிவை" என்றோம்.

சற்று நேரம் கழித்து அம்மாணவன் எழுந்தான். "அந்த அம்மாவுக்குக் குழந்தை பிறந்ததா, ஐயா?" என்றான்.

போரைப் பாட விரைந்த புலவர் அதைச் சொல்லவில்லை. மன்னனை விட்டு மனிதனைத் தேடிய அக்கேள்வியே நாம் படித்த திறனாய்வுகளுள் சிறந்தது.

இளைஞர்களே! பாட்டு சொல்லாமல் விட்ட அக்குழந்தையின் வழித்தோன்றல்கள் நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் நிமிர்ந்து படிக்கும்படி பழம்பாட்டைச் சொல்லிக்கொடுப்போம். செப்பனிட வேண்டியது ஏட்டையன்று, படிக்கும் கண்ணை!