விட்ட இடம்

'வாக்கிங் ஆன் த மூன்' பாட்டை நான் முதன்முதலில் கேட்டது, நகலின் நகலாக வந்த ஒரு கேசட்டில். பாஸ் கிட்டார் அநேகமாகக் காணாமல் போயிருந்தது. டிரம்ஸின் ஹை-ஹாட் தட்டு மட்டும் சில்லென்று கேட்டது. அதைத் தட்டினால் எதிரொலி இரண்டு மூன்று முறை தேய்ந்து தேய்ந்து போகும். பாடுகிறவர் வாய் திறக்கும்வரை, டேப் தேய்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

வருஷங்கள் கழித்து நல்ல ஹெட்ஃபோன் கிடைத்தது. கேசட்டில் தொலைந்திருந்தது பாஸ் மட்டும்தான். மற்றபடி அந்தப் பாட்டு அப்படித்தான் இருந்தது. பாஸ் நாலைந்து சுரங்களைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. கிட்டார் ஒரே ஒரு கார்டை விடுகிறது. அது கரைந்து முடியும்வரை இன்னொன்று வருவதில்லை. ஹை-ஹாட் மட்டும் தன்பாட்டுக்கு முணுமுணுக்கிறது. 1979-ல் இங்கிலாந்தில் முதலிடம் பிடித்த பாட்டு இது என்றால் இன்றைக்கும் நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

இந்தப் பாட்டைத் தந்த 'தி போலீஸ்' 1977-ல் லண்டனில் தொடங்கிய குழு. மூன்று கார்ட் தெரிந்தால் மேடையேறலாம் என்று பங்க் இளைஞர்கள் கிளம்பியிருந்த சமயம். இவர்களும் தலைமுடிக்கு வெளிறிய சாயம் பூசிக்கொண்டு அந்தக் கூட்டத்தில் கலந்துகொள்ளப் பார்த்தார்கள். வேஷம் பொருந்தவில்லை. பாஸ் வாசித்துப் பாடிய ஸ்டிங், பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே ஜாஸ் குழுக்களில் வாசித்தவர். டிரம்மர் ஸ்டூவர்ட் கோப்லண்ட், 'கர்வ்ட் ஏர்' என்ற ப்ராக் ராக் குழுவிலிருந்து வந்தவர். கிட்டார் கலைஞர் ஆண்டி சம்மர்ஸ் பிறந்தது 1942-ல், மற்ற இருவருக்கும் அண்ணன் வயது. அறுபதுகளிலேயே லண்டன் கிளப்புகளில் வாசித்துவிட்டு, பிறகு கலிஃபோர்னியாவில் கிளாசிக்கல் கிட்டார் படித்தவர். பங்க் ரசிகர்கள் இவர்களைப் போலிகள் என்றார்கள். ஒருவகையில் சரிதான், வாசிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்கள் மாதிரி எவ்வளவு நாள் நடிப்பது?

கோப்லண்டிடமிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இந்தக் குழுவின் ரசிகர்கள் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார்கள். சிறுவயதில் பெய்ரூட்டில் வளர்ந்தவர். அங்கே காதில் விழுந்த அரபுத் தாளங்கள் தன் வாசிப்புக்குள் வந்ததை அவரே சொல்லியிருக்கிறார். நான்கு அடித் தாளத்தில் ராக் டிரம்மர் முதல் அடிக்குக் காலால் பேஸ் டிரம்மை மிதிப்பார். ஜமைக்காவின் ரெகே இசையில் வரும் 'ஒன் டிராப்' முறையில் முதல் அடி காலி, மூன்றாவதில்தான் மிதி. சமத்தைத் தொடாமல் தள்ளி எடுக்கிற எடுப்பு நமக்கொன்றும் புதிதல்ல. கையில் தாளம் போட்டபடி கேட்கிறவருக்குச் சமம் மனசுக்குள் விழுந்துவிடும். கோப்லண்ட் அந்த நம்பிக்கையில்தான் வாசிக்கிறார். ஜமைக்காவின் முறையை ராக்கின் வேகத்தில் போட்டு, விட்ட இடத்தை ஹை-ஹாட்டின் பொடிப் பேச்சால் ஓரமாகத் தொட்டுவிட்டு நகர்கிறார். ஸ்னேர் டிரம்மின் தோலை விண்ணென்று இழுத்துக் கட்டியிருப்பதால் அடி ஒவ்வொன்றும் சுள்ளென்று விழும். சின்னஞ்சிறு ஸ்பிளாஷ் தட்டு, யாரும் எதிர்பாராத இடத்தில் தும்மல் மாதிரி வரும். மேடையேறினால் காலப்பிரமாணம் ஓடும் என்பது அவர்மேல் உள்ள பழைய புகார். ஸ்டிங்குக்கும் அவருக்கும் நடந்த சண்டைகளில் அதற்கும் பங்குண்டு. பழைய நேரடிப் பதிவுகளைக் கேட்டால் புகார் நியாயம் என்றே படுகிறது. ஆனாலும் அந்த ஓட்டம் எனக்குப் பிடிக்கும்.

சம்மர்ஸின் வேலை வேறு மாதிரியான கஞ்சத்தனம். 'மெசேஜ் இன் எ பாட்டில்' தொடக்கத்தில் அவர் வாசிப்பதை நம் சுரத்தில் சொன்னால் ச, ப, மேலே ரி. விரல்கள் கிழிந்துபோகிற மாதிரி அகட்டிப் பிடிக்க வேண்டும். காந்தாரம் இல்லை. மேற்கத்திய இசையில் ஒரு கார்ட் மேஜரா மைனரா என்று காட்டிக்கொடுப்பது காந்தாரம்தான். அதை எடுத்துவிட்டால் சோகமா உற்சாகமா என்று சொல்ல முடியாத ஒரு வெட்டவெளி. பாடுகிற குரலுக்கு அது எவ்வளவு இடம் கொடுக்கிறது! 1983-ல் வந்த 'எவ்ரி பிரெத் யூ டேக்' பாட்டில் அதே ச-ப-ரியை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டு, பக்கத்திலேயே காந்தாரத்தைக் கொண்டுவந்து வைக்கிறார். அந்தப் பாட்டின் கார்ட் வரிசை நூறு பாட்டுகளில் கேட்டுப் புளித்தது. அதைப் புதிதாக்கியது இந்த விரல் வேலை. பாட்டை எழுதியவர் என்று இருப்பது ஸ்டிங் பெயர் மட்டும். 1997-ல் ராப் பாடகர் பஃப் டாடி அந்தக் கிட்டார் இழையை அப்படியே எடுத்து இன்னொரு பெரிய வெற்றிப் பாட்டு செய்தபோது, வாசித்த கை யாருடையது என்று ரசிகர்கள் மறுபடி கொதித்தார்கள். நானும் சம்மர்ஸ் கட்சிதான்.

ஸ்டிங்கைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். பாடிக்கொண்டே, குரல் போகும் வழிக்கு எதிர்வழியில் பாஸ் வாசிப்பது எவ்வளவு சிரமம் என்று முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும். 'த பெட்ஸ் டூ பிக் வித்தவுட் யூ' முழுக்க அந்த பாஸின் முதுகில்தான் போகிறது.

1981-ல் வந்த 'கோஸ்ட் இன் த மெஷின்' ஆல்பம் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. சின்தசைசரும் சாக்ஸஃபோனும் அடுக்கடுக்காக வந்து, மூன்று பேரும் பாடுபட்டுக் காலி செய்து வைத்திருந்த அறையைச் சாமான்களால் நிரப்பிவிட்டன. ஆனாலும் அதிலுள்ள 'எவ்ரி லிட்டில் திங் ஷி டஸ் இஸ் மேஜிக்' பாட்டில் கோப்லண்டின் தட்டுகள் பண்ணும் அமர்க்களத்துக்காக இசைத்தட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் நண்பர் ஒருவருக்கு 'வாக்கிங் ஆன் த மூன்' போட்டுக் காட்டினேன். இருபது வருஷம் கல்யாணக் கச்சேரிகளில் தேய்ந்த கை கால்கள். ஒரு தடவை கேட்டதுமே, "இதென்னங்க, பெருசா ஒண்ணுமில்லையே" என்று உட்கார்ந்தார். ஹை-ஹாட் வந்தது. ஸ்னேரின் விளிம்பில் குச்சி தட்டுவதும் சரியாக வந்தது. முதல் அடியில் கால் போய் மிதித்துவிட்டது. நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினார். மறுபடி மிதித்தது. "தானா போயிடுதுங்க" என்று சிரித்தார். பிறகு வலது காலைப் பெடலிலிருந்து எடுத்துத் தரையில் ஊன்றிக்கொண்டு, கைகளால் மட்டும் கொஞ்ச நேரம் வாசித்துப் பார்த்தார்.