செர்ரி வேஷம் போட்ட களாக்காய்

பேக்கரிக் கண்ணாடிப் பெட்டியில், பிளாக் ஃபாரஸ்ட் கேக்கின் உச்சியில் பளபளவென்று உட்கார்ந்திருக்கும் அந்தச் சிவப்புக் குண்டு பெரும்பாலும் செர்ரியே அல்ல, களாக்காய். விதையை எடுத்து, நிறத்தை வெளுத்து, சாயமேற்றி, சர்க்கரைப் பாகில் ஊறப்போட்டால் செர்ரி ஆகிவிடுகிறது. சேலம் பக்கத்துப் பனமரத்துப்பட்டிக்காரர் இதற்குக் கோபப்படலாம். கரட்டோரப் புதரில் சும்மா காய்க்கிற பழம். அதற்கு இருக்கும் ஒரே பெருமை புளிப்பு. அதையும் பிடுங்கிக்கொண்டு காசுக்கு விற்கிறார்கள்.

சாக்லேட்டுக்கு வேண்டியதே அந்தப் புளிப்புதான்.

வியன்னாவில் 1832இல் ஃபிரான்ஸ் சாக்கர் செய்த கேக்குக்கு இன்றும் மவுசு குறையாததில் ஆப்ரிகாட் ஜாமுக்குப் பெரும்பங்கு உண்டு. ‘அசல்’ என்ற பட்டம் யாருக்கு என்று சாக்கர் ஹோட்டலும் டெமெல் மிட்டாய்க்கடையும் ஆண்டுக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்தபோது, ஜாம் நடுவிலும் இருக்க வேண்டுமா, மேல்பூச்சுக்கு அடியில் மட்டும் போதுமா என்பதும் ஒரு வாதம். 1963இல்தான் சமரசம். களா ஜாம் என்றால் வாதமே தேவையில்லை. இரண்டு இடத்திலும் வேண்டும்.

சேலத்தில் மாம்பழக் கட்சிக்குப் பலம் அதிகம். ஆனால் மல்கோவாவை அரிந்து அப்படியே தின்பதுதான் அதற்கு மரியாதை. கேக் மாவில் துண்டு போட்டால் சாறு விட்டு நடுப்பகுதி களியாகும். மணமோ கோகோவுக்கு அடியில் காணாமல் போகும்.

களாவில் கருநீலமாகப் பழுத்தது மட்டும் போதாது. ஜாமை உறையவைக்கும் பெக்டின் செங்காயில்தான் கூடுதல் என்பதால் ஒரு கை அதையும் சேர்க்க வேண்டும். நறுக்கும்போது பால் பிசுபிசுக்கும். கத்தியில் எண்ணெய் தடவிக்கொள்வது நல்லது. அலுமினியம் ஆகாது, எவர்சில்வர்ப் பாத்திரம்தான். கொஞ்சம் தண்ணீரில் வேகவைத்து, மசித்து, விதையும் தோலும் போக வடிகட்டி, முக்கால் பங்கு சர்க்கரை போட்டுக் கிளற வேண்டும். கரண்டியைச் சாய்த்தால் முதலில் சொட்டும். பிறகு சொட்டுகள் விளிம்பில் ஒன்றுகூடித் தயங்கி, ஒரே படலமாக இறங்கும். அடுப்பை அணைக்க அதுதான் பதம். அப்போது வரும் அந்த ரத்தினச் சிவப்பைச் சாயப்புட்டி எதுவும் தராது.

கேக்கைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கோகோவை வெந்நீரில் கரைப்பதைவிடச் சூடான டிக்காஷனில் கரைத்தால் வாசம் எழும்பும். 1820களில் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த காபி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஓவன் இல்லாத வீட்டில், கேஸ்கட்டும் வெயிட்டும் கழற்றிய குக்கரில் மணல் பரப்பிச் சிறுதீயில் வைத்தாலும் கேக் எழும்பும். வெந்ததா என்று பார்க்க ஒரு ஈர்க்குச்சி போதும்.

குறை சொல்ல வேண்டியது சாக்லேட்டைத்தான். இப்போது பல கேக்குகளின் மேல் வருவது கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு சேர்த்த காம்பவுண்ட். நாக்கில் கரையாமல் மெழுகாக அண்ணத்தில் ஒட்டுகிறது. பழம் என்ற பெயரில் உள்ளே கிடக்கும் டூட்டி ஃப்ரூட்டியோ பப்பாளிக்காய். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் களாப்பழம் பறித்துச் சட்டைப்பையெல்லாம் கறையாக்கி, வீட்டில் அடி வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள், செர்ரி வைத்த துண்டுதான் வேண்டுமென்று அடம்பிடிக்கிறார்கள்.

வீட்டில் செய்கிறவர்கள் கேக் நன்றாக ஆறியபின் குறுக்கே அறுத்து, நடுவிலும் மேலும் ஜாம் தடவி, அதன்மேல் உருக்கிய கறுப்புச் சாக்லேட்டை ஊற்ற வேண்டும். ஜாம் உள்ளே இறங்க ஓர் இரவாவது ஆகும். ஞாயிற்றுக்கிழமை சுட்டதைத் திங்கட்கிழமை வெட்டுவதே முறை. அதுவரை பிள்ளைகள் கண்ணில் படாமல் எங்கே வைப்பது என்பது அவரவர் வீட்டு அலமாரியைப் பொறுத்தது.