சொல் நிற்கக் கூற்று மாறும்: எதிர்நடையில் அமைந்த மறுபாடல்கள் குறித்து

ஒரு பாட்டின் மெட்டை நிறுத்திச் சொற்களை மாற்றிக்கொள்ளும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. நாடக மேடைப் பாடல் நூல்களிலும் பக்திப் பாடல் சிறு வெளியீடுகளிலும் தலைப்பை அடுத்து ‘இன்ன பாட்டின் மெட்டு’ என்று குறிக்கப்பட்டிருப்பதை நாம் கண்டிருக்கிறோம். முத்துசாமி தீட்சிதர் ஆங்கிலேய இசைக்குழுக்கள் வாசித்த மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் இயற்றியதும் இவ்வகையினதே. பிரித்தானிய நாட்டுப் பண்ணும் அவருக்கு அவ்வாறு பயன்பட்டது. இதற்கு எதிரான வழக்கு ஒன்று மேலை இசையுலகில் வேரூன்றியிருக்கிறது. சொல்லும் மெட்டும் பெரும்பாலும் நிற்க, பாடுவோரும் இசைநடையும் மாறுவது அது. 1950களின் அமெரிக்க இசைத்தட்டு வணிகத்தில், ஒரு நிறுவனத்தின் பாடல் விற்பனையாகத் தொடங்கியதும் மற்றொரு நிறுவனம் தன் பாடகரைக் கொண்டு அதையே விரைந்து பதிவு செய்து சந்தைக்கு அனுப்பும். அதற்குக் ‘கவர்’ என்று பெயர். இக்கட்டுரையில் அதனை மறுபாடல் என வழங்குவோம்.

மறுபாடல்களுள் நம் கவனத்துக்குரியவை, மூலத்தின் இசைநடைக்கு நேர் எதிரான நடையில் அமைந்தவை. இவற்றைப் பற்றி இரு கருத்துகள் பொதுவாக நிலவுகின்றன. ஒன்று, இவை வேடிக்கை. மற்றொன்று, இவை மூலத்தைக் கெடுப்பவை. இரண்டுமே சில பாடல்களுக்குப் பொருந்தும். எனினும் எவற்றுக்குப் பொருந்தும், எவற்றுக்குப் பொருந்தாது என்பதை வரையறுக்க ‘நடை’ என்னும் ஒரு சொல் போதாது. இதற்கு ஏற்ற கருவி நம் கைவசமே இருக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளை எண்ணும்போது கூற்று, கேட்போர், களன், காலம் ஆகியவற்றைத் தனித்தனி உறுப்புகளாகக் கொள்கிறது. இவற்றோடு ‘முன்னம்’ என்னும் உறுப்பையும் வைத்துள்ளது. இது யார் யாருக்குக் கூறியது என்பதைக் கேட்போன் உய்த்துணரத் துணைபுரிவது முன்னம். அச்சில் உள்ள செய்யுளுக்கு முன்னம் சொற்களுக்குள்ளேயே அமைந்தாக வேண்டும். பாடப்படும் பாட்டுக்கோ குரலே முன்னமாகிவிடுகிறது. எதிர்நடை மறுபாடல் வெற்றி பெறுவது நடை மாறுவதாலன்று, அந்நடை வழியே கூற்று மாறுவதால் என்பதே ஈண்டு முன்வைக்கப்படும் கருத்து.

முதலில் ‘ஹர்ட்’ என்னும் பாடலை எடுத்துக்கொள்வோம். நைன் இஞ்ச் நெயில்ஸ் என்னும் பெயரில் இசையமைத்துவந்த டிரென்ட் ரெஸ்னர் 1994ஆம் ஆண்டு வெளியிட்ட ‘தி டவுன்வர்ட் ஸ்பைரல்’ இசைத்தொகுப்பின் இறுதிப் பாடல் இது. அப்போது அவருக்கு வயது 28. இயந்திர இரைச்சலையும் மின்னணு ஒலிச் சிதைவையும் கருவிகளாகக் கொண்ட இன்டஸ்ட்ரியல் ராக் என்னும் நடை அவருடையது. பாடலின் பொருள் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் ஒருவனின் வெறுமை. கித்தாரில் ஒன்றோடொன்று ஒவ்வாத சுரங்கள் வேண்டுமென்றே இணைக்கப்பட்டுள்ளன. முணுமுணுப்பாகத் தொடங்கும் குரல் இறுதியில் உரத்து எழுகிறது. பிறகு நெடுநேரம் இரைச்சல் மட்டுமே நிற்கிறது. அழிவின் விளிம்பில் நிற்கும் இளைஞனின் கூற்று என்பதைக் கேட்போர் ஐயமின்றி உணர்வர்.

ஜானி கேஷ் இதனைப் பாடி வெளியிட்டது 2002இல், ‘அமெரிக்கன் நான்கு: தி மேன் கம்ஸ் அரவுண்ட்’ என்னும் தொகுப்பில். அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் கொண்ட கன்ட்ரி இசையின் மூத்த பாடகரான அவருக்கு அப்போது 70 வயது. உடல்நலம் குன்றியிருந்தார். தயாரித்தவர் ரிக் ரூபின், ராப் இசையிலும் ஹெவி மெட்டல் இசையிலும் பெயர் பெற்றவர். இரைச்சல் முழுவதும் நீக்கப்பட்டது. கித்தாரும் பியானோவும் எஞ்சின. ஒவ்வாச் சுரம் இயல்பான சுரமாயிற்று. பியானோவில் ஒரே சுரம் திரும்பத் திரும்ப அழுத்தப்பட்டு மெல்ல மெல்ல வலுக்கிறது. பாட்டின் இறுக்கம் அதனால் மட்டுமே கூடுகிறது.

சொற்களில் கேஷ் செய்த மாற்றம் ஒன்றே ஒன்றுதான். மூலத்தில் பாடுவோன் தன் தலையில் மலத்தாலான முடியைச் சூடியிருப்பதாக ஓர் இழிசொல்லால் கூறுகிறான். கேஷ் அச்சொல்லை விலக்கி முள்முடி என்று பாடுகிறார். நாகரிகம் கருதிய மாற்றமாக இது தோன்றலாம். ஆயினும் விளைவு பெரிது. முள்முடி இயேசுவின் சிலுவைப் பாட்டோடு இணைந்தது. கேஷ் ஆழ்ந்த கிறித்தவ நம்பிக்கையுடையவர் என்பதும், போதை மாத்திரைகளுக்கு அடிமையாகிப் பல்லாண்டுகள் அல்லலுற்றவர் என்பதும் அவரை அறிந்த கேட்போருக்குத் தெரியும். எனவே இழிவுணர்ச்சியாக இருந்தது பாவ அறிக்கையாக மாறுகிறது. மூலத்தில் போதை ஊசியைக் குறிக்கும் சொல், கேஷின் குரலில் மருத்துவமனையையும் நினைவூட்டுகிறது. அச்சொல்லில் எழுத்தளவு மாற்றமும் இல்லை என்பதை நினைவில் கொள்ளுதல் வேண்டும். நண்பர்கள் எல்லாரும் இறுதியில் பிரிந்துபோகிறார்கள் என்னும் கருத்தும் அவ்வாறே. 28 வயதினன் சொன்னால் அது மனக்கசப்பு. 70 வயதினர் சொன்னால் நண்பர்கள் மாண்டுபோனார்கள் என்பதே அதன் பொருள்.

மார்க் ரோமனெக் இயக்கிய காணொளி இக்கூற்றை மேலும் உறுதிப்படுத்தியது. மூடிக்கிடந்த கேஷின் அருங்காட்சியகமும், பழைய படக்காட்சிகளும், மாடிப்படியில் நின்று கணவரை நோக்கும் ஜூன் கார்ட்டரும் அதில் இடம்பெறுகின்றனர். முடிவில் கேஷ் பியானோவின் மூடியை மூடுகிறார். ஜூன் 2003 மே மாதத்தில் மறைந்தார். கேஷ் அதே ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள் மறைந்தார். இது வெறும் உத்தியாக முடிந்துவிடுமோ என முதலில் ஐயுற்ற ரெஸ்னர், காணொளியைக் கண்ட பின்னர் அப்பாடல் இனித் தம்முடையதன்று என்னும் கருத்தை வெளிப்படையாகத் தெரிவித்தார். இதனைப் பெருந்தன்மை என்று மட்டும் கொள்ளலாகாது. ஒரு கூற்று தன்னைவிட்டு நீங்கிவிட்டதைப் புலவன் ஒருவன் அறிந்துகொண்ட தருணம் அது.

கேஷ் எதைப் பாடினாலும் இது நிகழ்ந்துவிடும் என்பதும் இல்லை. அதே தொகுப்பில் அவர் பீட்டில்ஸ் குழுவினரின் ‘இன் மை லைஃப்’ பாடலையும் பாடியுள்ளார். முதியவர் ஒருவர் கடந்த காலத்தை எண்ணிப் பாடுவது பொருத்தமாகத்தானே இருக்க வேண்டும்? இருப்பினும் அது சப்பென்றே ஒலிக்கிறது. 1965இல் வெளிவந்த அப்பாடலின் சுவையே, இருபதுகளில் இருந்த இளைஞன் முதியவனைப் போல் நினைவுகூர்வதில் அடங்கியிருந்தது. முதியவரே பாடும்போது கூற்றுக்கும் குரலுக்கும் இடையிலிருந்த இடைவெளி அடைபட்டுவிடுகிறது. ‘ஹர்ட்’ பாடலில் இடைவெளி திறந்தது. இங்கே மூடிக்கொண்டது.

நடை வேறுபாடு குறைவாகவும் கூற்று வேறுபாடு மிகுதியாகவும் உள்ள எடுத்துக்காட்டு ‘ரெஸ்பெக்ட்’. ஓட்டிஸ் ரெட்டிங் 1965இல் பாடியபோது அது உழைத்துப் பொருளீட்டி வீடு திரும்பும் கணவனின் கூற்று. அவன் கேட்பது வீட்டுக்குள் கிடைக்க வேண்டிய மதிப்பு. கேட்போர் ஒருத்தி மட்டுமே. அரீத்தா பிராங்கிளின் 1967 பிப்ரவரியில் இதனைப் பதிவு செய்தபோது தலைப்புச் சொல்லை எழுத்துக் கூட்டி ஒலிக்கும் பகுதியைச் சேர்த்தார். சகோதரியர் எர்மாவும் கரோலினும் பின்னின்று பாடினர். கூறுபவள் பெண்ணானதும் பின்பாட்டு தோழியர் கூட்டமாயிற்று. களன் வீட்டு முற்றத்திலிருந்து வீதிக்கு வந்தது. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டமும் பெண்ணுரிமை இயக்கமும் அதனைத் தம் பாடலாக ஏற்றதற்கு இதுவே காரணம். மூலமும் மறுபாடலும் சோல் என்னும் ஒரே இசை மரபைச் சேர்ந்தவை. ஆகவே பெருமாற்றத்துக்கு எதிர்நடை இன்றியமையாதது என்பதில்லை.

எதிர்நடை இருந்தும் கூற்று பறிக்கப்பட்ட வரலாறும் உண்டு. லிட்டில் ரிச்சர்ட் 1955 செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பதிவு செய்த ‘டுட்டி ஃப்ருட்டி’ கட்டுக்கடங்காத கூவலும் தாளமும் கொண்டது. அடுத்த ஆண்டே வெள்ளையரான பேட் பூன் அதனை மென்மையாகவும் ஒழுங்காகவும் பாடி வெளியிட்டார். பொதுத் தரவரிசைப் பட்டியலில் மூலத்தைவிட உயர்ந்து 12ஆம் இடத்தை எட்டியது பூனின் பதிவு. அன்றைய வானொலி நிலையங்கள் இன அடிப்படையில் பிளவுபட்டிருந்தன என்பதை அறியாமல் இவ்வெற்றியைப் புரிந்துகொள்ள இயலாது. பூனின் பதிவில் புதிய கூற்று எதுவும் பிறக்கவில்லை. பழைய கூற்று அழிக்கப்பட்டது, அவ்வளவே. இதே பூன் 1997இல் ஹெவி மெட்டல் பாடல்களைப் பெரும் ஜாஸ் இசைக்குழுவின் துணையோடு பாடித் தொகுப்பாக வெளியிட்டார். அதற்காகத் தோலாடை அணிந்து விருது மேடையில் தோன்றியதால் சமயத் தொலைக்காட்சி ஒன்றில் அவர் நடத்திய நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது என்பது தனிக் கதை. அத்தொகுப்பு நன்றாகவே இசைக்கப்பட்டது. இருந்தும் ஒரு முறை கேட்டுப் புன்னகைத்த பின் மறுமுறை கேட்கத் தோன்றுவதில்லை. பாடுபவர் எதையும் தம் கூற்றாகச் சொல்லவில்லை.

இந்நோக்கு நம் வகுப்பறைக்கும் வேண்டியதே. பாரதியின் ‘சின்னஞ்சிறு கிளியே’ பாட்டுக்கு அவர் குறித்த இராகம் பைரவி. இன்று நம் செவிகளில் நிற்பதோ 1951இல் வெளிவந்த ‘மணமகள்’ திரைப்படத்துக்காக சி. ஆர். சுப்புராமன் அமைத்த இராகமாலிகை. எம். எல். வசந்தகுமாரியின் குரலில் பரவிய அம்மெட்டே பின்னர்க் கச்சேரி மேடைக்கும் வந்தது. திரையிசை செவ்வியல் மேடையை ஆட்கொண்ட அரிய நிகழ்வு இது. பராசக்தியைக் குழந்தையாகக் கண்டு சொல்லிய பாட்டு என்பது பாரதியின் தலைப்புக் குறிப்பு. ஒரே இராகத்தில் நின்று கொஞ்சும் குரலும், அடிக்கு அடி இராகம் மாறிச் செல்லும் குரலும் ஒரே மனநிலையின் வெளிப்பாடுகளா? நாமோ உவமை நயமும் எதுகை மோனையும் கூறி இப்பாட்டை நடத்தி முடிக்கிறோம். இரு இசையமைப்புகளிலும் அடுத்தடுத்துப் பாடச் செய்து, எதில் பேசுபவள் அல்லது பேசுபவன் யார் என மாணவரிடம் வினவினால், அகப்பாடல்களின் கூற்றுக் குறிப்புகளைக் கற்பிக்கவும் அது வாயிலாகும்.

சொல்லே இல்லாத மறுபாடல் இவ்வாய்வுக்கு இடர் தருவது. ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ இசை நாடகம் 1959 நவம்பரில் பிராட்வேயில் அரங்கேறியது. அதிலுள்ள ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ என்னும் எளிய பாடலை ஜான் கோல்ட்ரேன் 1960 அக்டோபரில் சோப்ரானோ சாக்ஸபோனில் பதிவு செய்தார். திரைப்படம் வந்தது 1965இல்தான். சிலர் எண்ணுவது போல் அவர் திரைப்பாடலை எடுத்தாளவில்லை. மூன்றன் தாளத்தை அவர் விடவில்லை. ஆனால் சுரக்கூட்டுகளின் ஓட்டத்தை நிறுத்தி, ஓரிரு கூட்டுகள் மீதே நெடுநேரம் சஞ்சரிக்கிறார். 13 நிமிடங்களுக்கு மேல் நீளும் அப்பதிவில் தம்புராவின் ஆதார சுருதி மீது விரியும் ஆலாபனையின் சாயலை நாம் உணர்வது தற்செயலன்று. இந்திய இசையில் கோல்ட்ரேன் கொண்ட ஈடுபாடு நன்கறிந்தது. தம் மகனுக்கு ரவிசங்கரின் நினைவாகப் பெயரிட்டவர் அவர். இங்கே கூற்று மாறியது என்பதைவிட, வழிநூல் வகைகளுள் விரித்துச் செய்வதற்கு இது நெருங்கியது என்பதே பொருந்தும். பாடலின் இறுதிப் பகுதியை அவர் நிகழ்த்தலின் முடிவு வரை ஒத்திவைக்கிறார். அதனால் எளிய ஆறுதல் ஒன்று அடைதற்கரிய ஆறுதலாகிறது.

1966 ஜூலையில் டோக்கியோவில் அவர் இதனை மீண்டும் வாசித்தபோது அது ஏறத்தாழ 57 நிமிடங்கள் நீண்டது. ஜிம்மி கேரிசனின் நெடிய தனிப் பாஸ் வாசிப்பு அதற்கு முகப்பு. நாடகப் பாடலை அறிந்தவர்க்கும் மெட்டை அடையாளம் காண நெடுநேரம் பிடிக்கும். அதற்குள் 1960ஆம் ஆண்டுப் பதிவே மூலமாகிவிட்டிருந்தது. கோல்ட்ரேன் மறுபாடலாக்கியது தம்மையே.