மறு கையில் என்ன பூசினார்கள்?

மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முதியோர் இல்லங்களில் வசித்த 36 பேரைக் கொண்டு 24 வாரங்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். அந்த முதியவர்களின் சராசரி வயது 87. ஒவ்வொருவருக்கும் ஒரு மேற்கையின் உட்புறத்தில் 0.4 சதவீத ரெட்டினால் (வைட்டமின் ஏ) கலந்த லோஷன் பூசப்பட்டது. மறு கையில் அதே லோஷன், ரெட்டினால் மட்டும் இல்லாமல். எந்தக் கையில் எது என்பது பூசப்பட்டவருக்கும் தெரியாது, சுருக்கத்தைப் பார்த்து மதிப்பெண் போட்டவருக்கும் தெரியாது. முடிவு 2007இல் வெளியானது. ரெட்டினால் பூசிய கையில் மெல்லிய சுருக்கங்கள் குறைந்திருந்தன. தோலில் சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தபோது தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனின் உருவாக்கமும் கூடியிருந்தது.

மேற்கையின் உட்புறம் வெயிலே காணாத இடம். அங்கே இருப்பது வெயில் செய்த சேதமல்ல, வயதின் சுருக்கம். அதனால் இந்தச் சோதனையை நான் மதிக்கிறேன். அதைவிட அந்த மறு கைக்காக மதிக்கிறேன்.

எந்த ஈரப்பத கிரீமைப் பூசினாலும் தோலின் மேலடுக்கு நீரை வாங்கி உப்பும், வறட்சியால் வந்த கோடுகள் சில மணி நேரத்திலேயே மங்கும். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய சீரத்துக்கும் இது நடக்கும், சாதாரண வாசலினுக்கும் நடக்கும். "நான்கு வாரத்தில் மாற்றம் தெரிந்தது என்று பத்தில் ஒன்பது பெண்கள் சொன்னார்கள்" என்ற விளம்பரம் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அந்தப் பெண்களிடம் வெறும் கிரீமைக் கொடுத்திருந்தால் எத்தனை பேர் அதையே சொல்லியிருப்பார்கள் என்பதைத்தான் அது மறைக்கிறது. ஆகவே உயிர்ச்செயல் பொருள் என்று பெட்டியில் அச்சிட்டு விற்கும் எதையும் எடை போட எனக்கு ஒரே தராசு போதும்: மறு கையில் என்ன பூசினார்கள்?

சட்டம் இந்தக் கேள்வியை நமக்காகக் கேட்பதில்லை. அமெரிக்காவின் 1938ஆம் ஆண்டுச் சட்டமும் இந்தியாவின் 1940ஆம் ஆண்டுச் சட்டமும் பூசும் பொருள்களில் மருந்து, ஒப்பனைப் பொருள் என்று இரண்டையே அறியும். இரண்டுக்கும் இடைப்பட்ட வகைக்கு 'காஸ்மசூட்டிகல்' என்ற பெயரைப் பரப்பியவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன். சட்டத்தில் அந்தப் பெயருக்கு இடமில்லை. அமெரிக்கச் சட்டப்படி உடலின் அமைப்பையோ செயலையோ மாற்றுவதாகச் சொல்லி விற்றால் அது மருந்து, நிரூபிக்க வேண்டும். தோற்றத்தை மேம்படுத்துவதாகச் சொன்னால் அந்தச் சுமை இல்லை. 'சுருக்கத்தைக் குறைக்கும்' என்பது 'சுருக்கத்தின் தோற்றத்தைக் குறைக்கும்' என்று மாறுவது இதனால்தான். எல்லையைத் தாண்டியவர்களும் உண்டு. தோலின் மரபணுக்களையே தூண்டுவதாகச் சொன்ன விளம்பரங்களுக்காக லோரியல் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளைமீது அந்நாட்டு வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்து, 2014இல் அந்த வாசகங்களைக் கைவிட வைத்தது.

மருந்தின் பக்கத்தில் நின்று தேறியது டிரெட்டினோயின். முகப்பருவுக்கு வந்த வைட்டமின் ஏ அமிலம் இது. வெயிலால் முதிர்ந்த தோலை இது திருத்துகிறது என்று கிளிக்மனின் குழு 1986இல் எழுதியது. மிச்சிகனில் 30 பேரிடம் 16 வாரங்கள், வெறும் கிரீமோடு ஒப்பிட்டுச் சோதித்து அதையே உறுதிசெய்த ஆய்வு 1988இல் வெளியானது. 1993இல் வந்த இன்னோர் ஆய்வு எனக்கு இதைவிடக் கனமாகப் படுகிறது. பத்து முதல் பன்னிரண்டு மாதம் டிரெட்டினோயின் பூசியவர்களின் தோலில் கொலாஜன் உருவாக்கம் 80 சதவீதம் கூடியது. வெறும் கிரீம் பூசியவர்களுக்கு 14 சதவீதம் குறைந்தது. 1995இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு டிரெட்டினோயினுக்கு அனுமதி தந்தபோதும் மெல்லிய சுருக்கம், திட்டுநிறம், சொரசொரப்பு ஆகியவற்றுக்குத் துணைச் சிகிச்சை என்று அளந்துதான் சொன்னது. ஆழமான கோடுகளையும் தொங்கும் தாடையையும் எந்தக் கிரீமும் தூக்கி நிறுத்தாது.

இந்த வரலாற்றின் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கிளிக்மன் பல ஆண்டுகள் பிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக்கைதிகளின் தோலில் சோதனைகள் நடத்தினார். டிரெட்டினோயின் ஆய்வின் தொடக்கமும் அங்கேதான். கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். சிறு தொகைக்காக முதுகைக் கொடுத்தவர்களுக்கு என்ன பூசப்படுகிறது என்பது முழுதாகச் சொல்லப்படவில்லை. மருந்து வேலை செய்கிறது என்பதால் இந்தக் கடன் தீர்ந்துவிடாது.

நம் ஊரோடு கிளிக்மனுக்கு வேறொரு தொடர்பும் இருக்கிறது. ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், ஸ்டீராய்டு மூன்றையும் சேர்த்து 1975இல் அவர் எழுதிய கலவை, மங்கு போன்ற கருந்திட்டுக்குக் குறுகிய காலம் பூச வேண்டியது. அதன் வழிவந்த, மூன்று மருந்தும் கலந்த கிரீம்களை இந்தியாவில் சீட்டு இல்லாமல் வாங்கி, சிவப்பழகுக் கிரீமாக ஆண்டுக்கணக்கில் பூசினார்கள். தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் தெரிய, நிறுத்தினால் எரியும் முகங்களோடு பெண்கள் தோல் மருத்துவரிடம் வந்தார்கள். 2018இல்தான் தோலில் பூசும் ஸ்டீராய்டுகள் மருத்துவர் சீட்டோடு விற்கும் பட்டியலுக்குள் வந்தன. ஒரு பொருள் உண்மையிலேயே வேலை செய்தால் அது கெடுதலும் செய்யக்கூடும். பக்கவிளைவே இல்லாத, ஆனால் தோலையே மாற்றிவிடும் கிரீம் என்ற வாக்குறுதியை நான் நம்ப மறுப்பதற்கு இதுவே காரணம்.

கடையில் கிடைக்கும் ரெட்டினால் தோலுக்குள் போய்த்தான் டிரெட்டினோயின் அமிலமாக மாற வேண்டும், ஆகவே வலு குறைவு. ஆனாலும் அந்த 87 வயதுக் கைகள் அதற்குச் சாட்சி. வைட்டமின் ஏ உணவிலிருந்தும் உடலில் சேர்வதால், முகக் கிரீமில் 0.3 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் விதித்தது. கர்ப்பிணிகள் இந்தக் குடும்பத்தையே தொடக் கூடாது.

அந்தத் தடையும் ரெட்டினால் தரும் எரிச்சலும் திறந்துவிட்ட வாசலில் வந்து நிற்பது பகுச்சியால். 'இயற்கை ரெட்டினால்' என்று பெயர். எடுக்கப்படுவது கார்போகரிசியிலிருந்து, ஆம், நம் நாட்டு மருந்துக்கடைக் கார்போகரிசிதான், குளியல் பொடியில் சேர்ப்பது. இதற்கான முக்கியச் சாட்சி 44 பேரிடம் 12 வாரம் நடந்த ஓர் ஆய்வு. 0.5 சதவீதப் பகுச்சியால் தினம் இருமுறை ஒரு குழுவுக்கு, 0.5 சதவீத ரெட்டினால் தினம் ஒருமுறை மறு குழுவுக்கு. சுருக்கமும் நிறத்திட்டும் இரு குழுவுக்கும் குறைந்தன, பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தோல் உரிதலும் எரிச்சலும் ரெட்டினாலுக்கே அதிகம்.

இங்கே மறு கை எங்கே? வெறும் கிரீம் பூசிய மூன்றாவது குழு இல்லை. இரண்டும் ஒரே அளவு முன்னேறின என்றால் இரண்டும் வேலை செய்தன என்றும் கொள்ளலாம், முன்னேற்றத்தில் ஒரு பங்கு கிரீமுடையது என்றும் கொள்ளலாம். 44 பேரில் வித்தியாசம் தெரியவில்லை என்பது வித்தியாசமே இல்லை என்பதற்கு ஈடாகாது. ரெட்டினால் ஒத்துக்கொள்ளாதவர்கள் பூசிப் பார்க்கலாம், ரெட்டினாலுக்குச் சமம் என்று நம்பி அதிக விலை தர வேண்டாம் என்பது என் தீர்ப்பு.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கார்போகரிசியில் சோராலென் என்ற பொருளும் இருக்கிறது. அது தோலை ஒளிக்கு மிகையாக எதிர்வினை காட்ட வைக்கும். வெண்புள்ளிக்கு இந்த விதையைப் பூசி வெயிலில் நிற்கச் சொல்லும் வைத்தியத்தின் தர்க்கமே அதுதான். விதையை அரைத்து முகத்தில் அப்பிக்கொண்டு வெளியே போனால் கொப்புளமும் கருந்திட்டும் வரலாம். சுத்திகரித்த பகுச்சியாலைப் பற்றிய ஆய்வு விதைப் பொடிக்குச் சான்றாகாது.

மற்றவற்றை விரைவாகவே முடித்துவிடலாம். கொலாஜன் கிரீம் ஈரப்பதம் தரும், அவ்வளவே. மூன்று லட்சம் டால்டன் எடையுள்ள அந்த மூலக்கூறு, ஐந்நூறு டால்டனைத் தாண்டினாலே திணறும் தோலுக்குள் நுழையாது. வைட்டமின் பி3இன் ஒரு வடிவமான நியாசினமைடும் பால்மிட்டாயில் பென்டாபெப்டைடு என்ற சிறு புரதத் துணுக்கும் முகத்தின் ஒரு பாதி, மறு பாதி என்று முறையாகவே சோதிக்கப்பட்டன. முன்னது 50 பெண்களிடம், பின்னது 93 பெண்களிடம். பலன் உண்டு, ஆனால் சிறியது. ஆய்வு செய்ததும் அவற்றைக் கிரீமில் போட்டு விற்ற நிறுவனத்தின் ஆட்களே. மலிவாகவும் சாதுவாகவும் இருப்பதால் நியாசினமைடுக்கு என் வாக்கு. வைட்டமின் சி நல்ல பொருள், ஆனால் நிலையற்றது. பி.எச். 3.5க்குக் கீழே இருந்தால்தான் தோலுக்குள் போகும், காற்றும் வெளிச்சமும் பட்டால் கெடும். என் அக்காவின் கண்ணாடி மேசையில் ஜன்னலோரம் இருந்த புட்டி சென்னை வெயிலில் இரண்டே மாதத்தில் டீ நிறத்துக்கு வந்துவிட்டது. அவள் அதையும் வீணாக்க மனமில்லாமல் பூசிக்கொண்டிருந்தாள்.

முதலிடம் இவை எதற்கும் இல்லை. ஆஸ்திரேலியாவின் நாம்பூரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு குழுவை நாள்தோறும் சன்ஸ்கிரீன் பூசச் சொன்னார்கள், மறு குழுவை விருப்பம்போல விட்டார்கள். நாலரை ஆண்டுக்குப் பிறகு, நாள்தோறும் பூசியவர்களின் தோல் முதுமை 24 சதவீதம் குறைவாக இருந்தது. அதே ஆய்வில் விழுங்கக் கொடுத்த பீட்டா கரோட்டின் மாத்திரை பயன் எதையும் காட்டவில்லை. அங்கே பெரும்பாலோர் வெள்ளைத் தோலினர் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். நம் தோலில் வயது முதலில் காட்டுவது சுருக்கத்தை அல்ல, மங்கையும் கருந்திட்டையும்தான். அவற்றைக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் தூண்டும். ஆகவே இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன் நமக்குப் பொருத்தம். அக்கா தன்னிடமிருந்த நான்கு புட்டிகளில் எதை நிறுத்தலாம் என்று கேட்டபோது, இல்லாத ஐந்தாவதான இதை முதலில் வாங்கு என்றேன்.

முடிக்கு வந்தால் சாட்சிகள் இன்னும் மெலிகின்றன. ரத்தக் கொதிப்பு மாத்திரையாகத் தொடங்கிய மினாக்சிடில், பரம்பரை வழுக்கைக்குப் பூசும் மருந்தாக 1988இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வெறும் திரவத்தோடு மீண்டும் மீண்டும் ஒப்பிட்டுத் தேறியது. எல்லோருக்கும் பலிக்காது, நிறுத்தினால் சில மாதங்களில் கிடைத்த முடி போய்விடும். இப்போது ஊரெங்கும் பேசப்படும் ரோஸ்மேரி எண்ணெய், ஈரானில் 2015இல் வெளியான ஓர் ஆய்வில் 2 சதவீத மினாக்சிடிலோடு ஆறு மாதம் மோதியது. இரண்டிலும் முடி எண்ணிக்கை சற்றே கூடியது, வெறும் எண்ணெய் தேய்த்த குழு அங்கும் இல்லை. பகுச்சியால் கதையேதான். காஃபீன் ஷாம்பு முடி உதிர்வைக் குறைக்கும் என்ற ஆல்பெசின் விளம்பரத்தைச் சான்று போதாது என்று பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் 2018இல் நிறுத்தியது. பயோட்டின் குறைபாடு இல்லாதவருக்குப் பயோட்டின் மாத்திரையால் முடி வளரும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. மாரடைப்பைக் கண்டறியும் ரத்தப் பரிசோதனையைக்கூட அது தவறாகக் காட்ட வைக்கும் என்று 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது.

கடைசியாக நரை. தலைக்கு வெளியே நிற்கும் முடி உயிரற்றது. நிறம் சேர்வது வேர்ப்பையில், நிறமிச் செல்களின் மூலச்செல்களிடமிருந்து. முதுமையில் அவை நகர முடியாமல் சிக்கிக்கொள்கின்றன என்று நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் காட்டினார்கள், அதுவும் எலிகளில். அவற்றை மீண்டும் நகர்த்துவதாக மனிதத் தலையில் முறையாகச் சோதித்துத் தேறிய சீரம் எதையும் நான் அறியேன். நரைக்கென்று விற்கும் பெப்டைடு சீரங்களின் புள்ளிவிவரம் பெரும்பாலும் அவற்றைத் தயாரிப்பவர்களுடையதே. நரை வேண்டாம் என்பவருக்கு இன்றைக்குச் சாயம்தான் வழி. அதில் ஒவ்வாமை தரக்கூடிய பி.பி.டி. என்ற வேதிப்பொருள் இருந்தால் காதுக்குப் பின்னால் ஒரு துளி தொட்டு வைத்து இரண்டு நாள் பார்த்த பிறகே தலையில் பூச வேண்டும். அரிப்போ தடிப்போ வந்தால் அந்தச் சாயம் அவருக்கில்லை.