மூலைவிட்டம் சொல்லாத கணக்கு

"ஸ்கிரீன் பெருசா இருக்கணும், நாற்பத்தைஞ்சாயிரத்துக்குள்ள முடியணும்." சென்னை ரிச்சி தெருவில் தொடங்கி எந்த ஊர்க் கடைவீதிக்குப் போனாலும் மடிக்கணினி வாங்க வருபவர்கள் பலர் இப்படித்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவர், கடைக்குக் கணக்கு எழுதுபவர், பிள்ளையின் ஆன்லைன் வகுப்புக்கும் தன் மின்வணிகத்துக்கும் ஒரே கருவி போதும் என்று நினைப்பவர். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துபோனதால் பழைய கருவியைக் கழிக்க நேர்ந்தவர்களும் இந்த வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். கோரிக்கையில் தவறில்லை. ஆனால் விலை ஏறாமல் திரை மட்டும் பெரிதானால் வேறு எங்கோ ஏதோ குறைந்திருக்க வேண்டும். அது எங்கே என்று பார்ப்பதற்கு ஒரு குறிப்பிட்ட கருவியை எடுத்துக்கொள்கிறேன்: ஏசஸ் விவோபுக் 16, எக்ஸ்1605 வரிசை. 2022இல் இன்டெல்லின் 12ஆம் தலைமுறைச் சில்லோடு வந்து, பிறகு 13ஆம் தலைமுறையிலும் தொடர்ந்தது.

முதலில் திரை. 15.6, 16, 17.3 என்று கடையில் சொல்லும் எண்கள் எல்லாம் மூலைக்கு மூலை அளந்தவை. நாம் படிப்பதோ மேலிருந்து கீழே. 15.6 அங்குலத் திரையின் வடிவம் 16க்கு 9. அகலம் சுமார் 34.5 சென்டிமீட்டர், உயரம் 19.4. விவோபுக் 16இன் வடிவம் 16க்கு 10. அகலம் அதே 34.5, உயரம் 21.5. அதாவது 0.4 அங்குலம் கூடியதாகத் தெரிவது உண்மையில் உயரத்தில் இரண்டு சென்டிமீட்டர். 17.3 அங்குலத் திரையை அளந்தால் அகலம் 38.3; உயரம் அதே 21.5தான். எழுதவும் படிக்கவும் கணக்குப் பார்க்கவும் வாங்குபவர் 17.3க்குப் போனால் அவருக்குக் கிடைப்பது பக்கவாட்டில் நான்கு சென்டிமீட்டர், கூடவே அதைத் தாங்கும் எடை. சினிமா பார்க்க அது உதவும். எக்செல்லில் ஒரு வரியைக்கூடக் கூட்டாது.

நம்பிக்கை வராவிட்டால் ஒரு ஏ4 தாளைக் கடைக்குக் கொண்டுபோங்கள். படுக்கைவாக்கில் திரைமேல் வைத்துப் பாருங்கள். 16க்கு 10 வடிவத்தில் வந்த 16 அங்குலத் திரையில் தாள் முழுதாக அடங்கும். 15.6இல் உயரம் பற்றாமல் வெளியே நீட்டும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

அளவைவிட முக்கியமானது அந்த அளவுக்குள் எத்தனை புள்ளிகள் என்பது. விவோபுக் 16இல் 1920×1200. அங்குலத்துக்கு 141 புள்ளிகள் வருகின்றன. 1920×1080 கொண்ட 15.6 அங்குலத் திரையிலும் இதே அடர்த்திதான். பெரிதாக்கியதில் கூர்மை குறையவில்லை என்பது இந்தக் கருவியின் பெரிய பலம். அமெரிக்காவிலிருந்து உறவினர் கையில் வந்திறங்கும் 17.3 அங்குல மலிவுக் கருவிகள் பலவற்றில் 1600×900 மட்டுமே இருக்கிறது. அங்குலத்துக்கு 106 புள்ளிகள். ஆங்கில எழுத்துக்கு அது எப்படியோ ஒப்பேறிவிடும். தமிழில் 'ணூ', 'ஞூ', 'ழு' என்று சுழிக்குள் சுழி வருகிறபோது சிறிய எழுத்தில் எல்லாம் ஒட்டிக்கொண்டு கரும்புள்ளி ஆகிவிடுகிறது. பத்திரப் பதிவு நகல், மின்நாளிதழ், ஸ்கேன் செய்த பழைய புத்தகம் இவற்றையெல்லாம் திரையில் படிக்கிறவர் 17.3 என்ற எண்ணைப் பார்த்து மயங்கினால் தினமும் கண்ணைச் சுருக்க வேண்டிவரும்.

விண்டோஸ் எழுத்தளவை 125 சதவீதத்தில் வைத்துப் புழங்கினால் 15.6 அங்குல முழு எச்டி திரையைவிட இதில் எக்செல் வரிகள் நாலைந்து கூடுதலாகத் தெரிகின்றன. சின்ன ஆதாயம்தான். ஆனால் நாள் முழுக்க உருட்டிக்கொண்டே இருப்பவருக்கு அதன் அருமை தெரியும்.

குறை எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், நிறத்தில். விவரக்குறிப்பில் '45% என்டிஎஸ்சி' என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலானோர் கண்ணில் படாத வரி. இணையத்தில் நாம் பார்க்கும் படங்களுக்கு அடிப்படையான எஸ்ஆர்ஜிபி நிறத்தொகுதியை முழுதாகக் காட்ட ஏறத்தாழ 72 சதவீதம் தேவை. 45 என்றால் அந்த நிறங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் கிடைக்கிறது. சிவப்பு செங்கல் பக்கம் சாயும், அரக்கும் மெரூனும் ஒன்றுபோலத் தோன்றும். மின்னஞ்சல், யூடியூப், கணக்கு என்று புழங்குபவர் இதைக் கவனிக்கவே மாட்டார். பட்டுப்புடவை விற்பவர், கல்யாண ஆல்பம் வடிவமைப்பவர், சிவகாசி அச்சகத்துக்கு அட்டைப்படம் அனுப்புபவர் இவர்கள் யாரும் இந்தத் திரையை நம்பி ஒரு நிறத்தையும் முடிவு செய்யக்கூடாது. இந்த விலையில் வரும் பெரிய திரைகள் அநேகமாக எல்லாமே இந்த 45 சதவீத வகைதான் என்பதையும் சொல்ல வேண்டும். ஏசஸ் மட்டும் செய்த சிக்கனம் அல்ல. பிரகாசம் 300 நிட். பல மலிவுக் கருவிகளில் 250 மட்டுமே இருப்பதால் இதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பளபளப்பில்லாத மேற்பரப்பு வேறு. வீட்டுக்குள் போதும், பகலில் திண்ணையில் போதாது.

அடுத்து சில்லும் நினைவகமும். கடையில் 'ஐ3யா, ஐ5ஆ' என்ற கேள்வியிலேயே நேரம் கழிகிறது. 12ஆம் தலைமுறையின் ஐ3-1215யூ, ஐ5-1235யூ இரண்டிலும் வேகக் கருக்கள் (கோர்) இரண்டுதான். உச்ச வேகம் இரண்டுக்கும் 4.4 கிகாஹெர்ட்ஸ். வேறுபாடு சிக்கனக் கருக்களில்: ஐ3இல் நான்கு, ஐ5இல் எட்டு. காணொளி வெட்டி ஒட்டுபவருக்கு அது தெரியும். வேர்டும் குரோமும் டேலியும் திறப்பவருக்குத் தெரியாது. அந்த வித்தியாசப் பணத்தை நினைவகத்தில் போடுவதே புத்தி.

ஏனென்றால் இந்தக் கருவியை உண்மையில் இழுத்துப் பிடிப்பது 8 ஜிபி நினைவகம். விண்டோஸ் 11க்கு 4 ஜிபி போதும் என்று மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் குறைந்தபட்ச வரம்பு கருவி எழுந்து நிற்க மட்டும்தான். குரோமில் பத்துப் பதினைந்து தாவல்கள், வாட்ஸ்அப், ஒரு ஜூம் அழைப்பு என்று ஆனதும் 8 ஜிபி மூச்சுத் திணறும். இங்கேதான் எக்ஸ்1605 தன் போட்டியாளர்களைவிட மேலே நிற்கிறது. பலகையில் 8 ஜிபியைப் பற்றவைத்துவிட்டு, கூடவே ஒரு காலி இடமும் விட்டிருக்கிறார்கள். பின்னால் இன்னொரு 8 ஜிபி வாங்கிச் செருகலாம். அப்படிச் செருகினால் நினைவகம் இரட்டைத் தடத்தில் ஓடும்; ஐ5இல் இருக்கும் ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் தன் முழு பலத்துக்கு வருவதும் அப்போதுதான். ஒற்றைத் தடத்தில் அது சாதாரண யூஎச்டி கிராபிக்ஸாகவே அடையாளம் காட்டும். ஐ5க்குக் கூடுதல் பணம் கொடுத்துவிட்டு 8 ஜிபியோடு நிறுத்திக்கொண்டவர் வாங்கியதில் ஒரு பகுதியைத் தொடவே இல்லை என்று அர்த்தம். 2025 கடைசியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை ஏறியிருப்பதால், காலி இடம் இருப்பது மட்டும் போதாது, அதை நிரப்பும் செலவையும் சேர்த்தே பட்ஜெட் போட வேண்டும்.

இதே விலையில் எதிரே நிற்கும் ஏஎம்டி கருவிகளில் ஒரு பொறி இருக்கிறது. ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ. பெயரில் ஒரே ஒரு இலக்கம்தான் வேறு. முதலாவது ஸென் 2 என்ற பழைய கட்டமைப்பில் அமைந்த நான்கு கரு. இரண்டாவது ஸென் 3, ஆறு கரு. முதலாவதோடு வரும் நினைவகம் பலகையில் பற்றவைத்தே வருகிறது, பின்னால் கூட்ட வழியில்லை. இரண்டுக்கும் 'ரைசன் 5' ஸ்டிக்கர்தான். தெரியாமல் வாங்கிவிட்டார் என்று வாடிக்கையாளரைக் குறை சொல்வதில் எந்த நியாயமும் இல்லை. பெயர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

விசைப்பலகையில் எண்பலகை தனியாக இருக்கிறது. ஜிஎஸ்டி பில் போடுபவருக்கு வரப்பிரசாதம். தொடர்ந்து தமிழ் தட்டச்சு செய்பவருக்குச் சின்னத் தொந்தரவு: எழுத்து விசைகள் திரையின் நடுவுக்கு இடப்பக்கம் ஒதுங்கிவிடுவதால் உடம்பு லேசாகக் கோணிக்கொண்டு உட்காரும். கேமரா 720பி, டியூப்லைட் வெளிச்சத்தில் முகம் மங்கலாகத்தான் தெரியும், மூடி வைக்கத் தடுப்பு இருப்பது நல்லது. எச்டிஎம்ஐ துளை 1.4 பதிப்பு, வெளித்திரையில் முழு எச்டிக்குப் பழுதில்லை, 4கே என்றால் நொடிக்கு 30 சட்டகத்தோடு நின்றுவிடும்.

மின்கலம் 42 வாட்-அவர். எழுத்து, இணையம் என்று இதமாகப் பயன்படுத்தினால் 7, 8 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால் ஐந்து மணி நேரம், கொஞ்சம் கூடலாம். அதுவும் புதிதாக இருக்கும்வரை. பெரிய திரை பெரிய பின்னொளி கேட்கிறது. அதற்கேற்ற மின்கலத்தை வைக்காததுதான் இந்த விலைக் கருவிகளின் பொதுவான கஞ்சத்தனம்.

எடை 1.88 கிலோ. ஹாலிலிருந்து படுக்கையறைக்கு எடுத்துப்போக ஒன்றுமில்லை. சார்ஜரோடு பையில் போட்டு, நெரிசலில் தொங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு அது இரண்டு கிலோவைத் தாண்டிய சுமை. 14 அங்குலக் கருவி என்றால் ஒன்றரைக் கிலோவில் முடியும். பெரிய மூடிக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. மூடி நீளமானால் கீலின் மேல் விழும் இழுவை கூடுகிறது. மலிவுக் கருவிகளில் கீலைப் பிடித்திருக்கும் திருகாணிகள் பிளாஸ்டிக்கில் பதிந்த பித்தளை மரைகளில்தான் இறங்கியிருக்கும். ஒரு மூலையைப் பிடித்து வெடுக்கென்று திறக்கும் பழக்கம் இருந்தால் மரை பெயர்ந்து மூடி பிளந்துவிடும். எந்தப் பிராண்டு வாங்கினாலும் நடுவில் பிடித்துத் திறப்பதே உத்தமம்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு எதிர்வாதத்தைச் சந்திக்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. பெரிய திரை கேட்பவர் பெரும்பாலும் கேட்பது கண்ணுக்குச் சுகம். ஆனால் மடிக்கணினியின் திரை எவ்வளவு பெரிதானாலும் மேசை மட்டத்தில்தான் இருக்கிறது. கழுத்து குனிந்தே தீரும். உயர்த்தி வைத்தால் விசைப்பலகை கைக்கு எட்டாது. அதே பணத்தில் 14 அங்குலக் கருவி ஒன்றும், ஏழெட்டாயிரத்தில் 22 அங்குல மானிட்டர் ஒன்றும் வாங்கினால் வீட்டில் கண் மட்டத்துக்கு ஒரு திரை, வெளியே போக இலேசான கருவி என்று இரண்டும் கிடைக்கும். ஒருவரே, ஒரே மேசையில், நாள்தோறும் நான்கைந்து மணி நேரம் உட்காருவார் என்றால் இந்த வாதத்தின் முன் விவோபுக் 16 தோற்றுப்போகிறது. மேசைக்கென்று இடம் ஒதுக்க முடியாத வீட்டில், காலையில் அம்மா, மாலையில் பிள்ளை, இரவில் அப்பா என்று ஒரே கருவி கைமாறும் குடும்பத்தில், அந்த வாதம் எடுபடாது. அங்கே திரை கருவியோடு நகர வேண்டும்.

ஆகவே, குடும்பத்துக்குப் பொதுவான வீட்டுக் கணினியாக, ஐ3 சில்லும் 16 ஜிபி நினைவகமுமாக அமைத்துக்கொண்டால், இந்த விலையில் எக்ஸ்1605ஐ வாங்கலாம். ஐ5ஐ 8 ஜிபியோடு வாங்க வேண்டாம். தினமும் சுமந்து போகும் மாணவருக்கு வேண்டாம். நிறத்தை நம்பித் தொழில் செய்பவருக்கு அறவே வேண்டாம். 1600×900 திரை கொண்ட 17.3 அங்குலக் கருவியைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் எழுதுவதற்கும் படிப்பதற்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பில் போடுவதற்கு முன் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சீட்டில் மூன்று விஷயங்களைப் படித்துவிடுங்கள்: திரையின் புள்ளி எண்ணிக்கை, சில்லின் முழுப் பெயர், நினைவகத்தின் அளவு. நினைவகத்துக்குக் காலி இடம் உண்டா என்பது பல பெட்டிகளில் இருக்காது. அதைக் கடைக்காரரிடம் கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.