உப்பும் பேரும்: பெறுமதி பற்றிய இரு வழக்குகள்

ஆங்கிலத்தில் ஒருவரின் தகுதியைச் சுட்ட 'வேர்த் ஹிஸ் சோல்ற்' என்னும் மரபுத்தொடர் பெருவழக்காக உள்ளது. 'தன் உப்புக்குத் தகுந்தவன்' என்பது அதன் சொற்பொருள். பெறும் ஊதியத்துக்கு ஏற்ற உழைப்பைத் தருபவன் என்பது கருத்து. இத்தொடர் வாக்கியத்தில் அமையும் முறை நோக்கற்பாலது. 'தன் உப்புக்குத் தகுந்த எந்த ஆசிரியரும் இப்பிழையைக் காண்பார்' என்பது போல, பெரும்பாலும் பொதுமைச் சொல்லோடு ஒரு தொழிற்பெயரைத் தழுவி வரும். அன்றேல், 'அவன் தன் உப்புக்குத் தகுந்தவன் அல்லன்' என எதிர்மறையில் வரும். தன்னைப் பற்றித் தானே இவ்வாறு கூறுவது அரிது. எனவே இத்தொடருக்குள் எப்போதும் இருவர் உளர்: அளப்பவர் ஒருவர், அளக்கப்படுபவர் மற்றவர்.

இதனைத் தமிழாக்க முற்படுவோர் 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்னும் பழமொழியை நாடுவதுண்டு. இரண்டிலும் உப்பு உண்டு. ஆயின் பொருள் ஒன்றன்று. ஆங்கிலத் தொடர் கணக்கைப் பேசுகிறது. தமிழ்ப் பழமொழி நன்றியைப் பேசுகிறது. விருந்தோம்பல் அறத்திலே பிறந்த இப்பழமொழி, உப்பு விலையின்றி இடப்பட்டது என்ற எண்ணத்தின் மீதே நிற்கிறது. கர்ணனோடு இணைத்துப் பேசப்படும் செஞ்சோற்றுக் கடனும் அத்தகையதே. இதே பழமொழியை முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான உறவுக்குப் பொருத்தும்போது, உழைத்துப் பெற்ற கூலி, கொடையாக மாறிவிடுகிறது. இது மொழிபெயர்ப்புப் பிழை மட்டுமன்று. நீதியைப் பற்றிய பிழையுமாகும்.

ஊவா மாகாணத் தோட்டங்களின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். பதுளை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளை ஆகிய பகுதிகளில் முதலிற் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் பயிரிடத் தென்னிந்தியாவிலிருந்து வந்தோருக்குத் தோட்டத்திலே அரிசி வழங்கப்பட்டது. அவ்வரிசியின் விலை அவர்தம் சம்பளத்திற் கழிக்கப்பட்டது. ஆகவே அங்கே 'உப்பிட்டவர்' எனத் தனியே ஒருவர் இருந்திலர். உண்டவரே தம் உழைப்பால் விலை கொடுத்தவர். 'துண்டு' எனப்பட்ட சீட்டோ இதனினும் கொடியது. தொழிலாளியின் கடனைத் தீர்த்தால் அவரை விடுவிக்கலாம் என்று தோட்டம் எழுதிக்கொடுத்த சீட்டு அது. ஒருவரின் பெறுமதி அவர் பட்ட கடனாகவே அதில் எழுதப்பட்டது. 1921ஆம் ஆண்டு அம்முறை ஒழிக்கப்பட்டது.

தோட்ட மக்கள் பெறுமதியைச் சுட்டத் தாமே ஆளும் சொல் 'பேர்' என்பதாகும். 'பேர் போடுதல்' என்றால் நாட்கூலிக்குப் பதிதல். 'இன்றைக்குப் பேர் உண்டா?' என்பது கூலி உண்டா என்னும் வினா. பறித்த கொழுந்து குறித்த நிறைக்குக் குறைந்தால் கிடைப்பது 'அரைப் பேர்'. ஆங்கிலத் தொடரில் உப்பும் மனிதனும் தனித்தனியே நிற்க, அளவுகோல் இடையே வருகிறது. 'பேர்' என்னும் வழக்கிலோ ஊதியமும் ஆளின் அடையாளமும் ஒரே சொல்லாகிவிட்டன. நிறை குறைந்தபோது பாதியாவது கூலி மட்டுமன்று. சொல்லளவில் அவளது பெயரும் பாதியாகிறது. எனினும் இவ்வழக்கில் நன்றிக்கு இடமில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. பேர் உண்டா, இல்லையா என்பது உரிமை பற்றிய வினா, கொடை பற்றியதன்று.

மலையக இலக்கியத்தை மதிப்பிடுவோர் இந்நுட்பத்தை மனங்கொள்ளல் வேண்டும். சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதையைச் சக்தீ அ. பாலையா 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழாக்கினார். தேயிலைக்கு அடியில் மண்ணோடு மண்ணாகிப்போனோருக்கு நினைவுக்கல்லும் இல்லை என்னும் துயரம் அக்கவிதையின் அடிநாதமாகும். நாள்தோறும் செக்ரோலில் ஏறிய பெயர், இறந்தபின் எக்கல்லிலும் ஏறவில்லை. பேர் என்பது கூலியாக மட்டுமே எண்ணப்பட்டமையின் முடிவு அது.

ஊவாக் கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்து, தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப் 2022இல் மறைந்தார். லயத்து ஒற்றை அறையின் நெருக்கத்தால் ஒரு குடும்பம் படும் மானக்கேட்டை அவரது 'மீன்கள்' சித்திரிக்கிறது. அக்கதை மாந்தரை 'விசுவாசமான உழைப்பாளிகள்' என்று பாராட்டும் திறனாய்வு, அறியாமலே துரைமாரின் அளவுகோலைக் கையிலெடுக்கிறது. கதை முன்வைக்கும் வினா அவர்கள் உப்புக்குத் தகுந்தவர்களா என்பதன்று. அவர்களுக்குத் தரப்பட்ட வாழ்வு அவர்களுக்குத் தகுந்ததா என்பதே.

தோட்டப் பெண்களுக்கு ஆண்களோடு சமமான நாட்சம்பளம் 1984இலேயே கிடைத்தது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக வர்த்தமானியில் வெளிவந்தது 2021இல். அவ்வாறு ஒவ்வொரு முறை சம்பளம் பேசப்படும்போதும், தொழிலாளி அதற்குத் தகுந்தவரா என்ற வினாவே முதலில் எழுப்பப்படுகிறது. மரபுத்தொடரை மொழிபெயர்க்கும் மாணவரும் இலக்கியத்தை மதிப்பிடும் அறிஞரும், அளவுகோல் எவர் கையில் உள்ளது என்பதை முதலில் நோக்குவாராயின், முழுப் பேருக்கு உரியவர் எவர் என்பது தானே விளங்கும்.